தலைக்கு எட்டு வெள்ளி அறுபது காசு

டெண்டரில் மனிதன் என்ற சொல் கிடையாது.
தலை என்றுதான் போட்டிருக்கும்.
தலைக்கு, ஒரு நாளைக்கு,
மூன்று வேளையும் மாலைத் தேநீரும் சேர்த்து
எட்டு வெள்ளி அறுபது காசு.

பட்டர்வொர்த்தில், டயர் கடைக்கு மேல்மாடியில் என் மேசை.
அரிசி மூட்டை, பாமாயில் டின்,
கிலோ கணக்கில் கெம்போங் மீன்.
மாதக் கடைசியில் நான்தான் பில் அடிப்பேன்.
தலைகளை நாட்களால் பெருக்கினால்
அதற்குள் எங்கோ என் சம்பளமும் இருக்கும்.

போன வருடம் தைப்பூசம் முடிந்த வாரத்திலிருந்து
அந்தத் தலைகளில் ஒன்று
என் தம்பி தவனேசனுடையது.

பிறையில் மூடிக் கிடந்த தொழிற்சாலைக்குள் புகுந்து
செப்புக் கம்பி உரித்தான்.
உரித்தான்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை.
போலீஸ் போட்ட மதிப்பு அறுநூற்று எண்பது வெள்ளி.
ஜாமீன் ஐயாயிரம்.
சங்கிலியை எடைபோட்டுப் பார்த்தேன், பாதிகூடத் தேறவில்லை.
சொந்தக்காரர்கள் எல்லாருக்கும்
அந்த வாரம் பார்த்து ஃபோன் கெட்டுப்போனது.

மாதம் ஒரு முறை அரைநாள் லீவு.
காரணம்: பல்வலி.
இந்நேரம் என் வாயில்
பதின்மூன்று பல் குறைந்திருக்க வேண்டும்.

ஃபெரியில் தீவுக்குப் போகத்தான் காசு,
திரும்பி வர இலவசம்.
யாரோ எப்போதோ நல்ல மனதோடு போட்ட ஏற்பாடு.
கோர்ட்டுக்கு மட்டும் அது எட்டவில்லை.
ரிப்போர்ட் வரவில்லை, தள்ளிவைப்பு.
மாஜிஸ்ட்ரேட்டுக்கு மாற்றல், தள்ளிவைப்பு.
மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல்.

ஆகஸ்டில் மீன் விலை ஏறியது.
துண்டு நூறு கிராமிலிருந்து எண்பதுக்கு, என்றார் மேடம் கூய்.
ஒரு கட்டம், ஒரு எண்.
மாற்றிவிட்டு மைலோ கலக்கப் போனேன்.

செப்டம்பரில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு
வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை அவன்.
மகளைப் பற்றிக் கேட்டான்.
பிறகு சிரித்துக்கொண்டே,
"மீன் சின்னதாயிருச்சுக்கா" என்றான்.
"கடல்லயே இல்லையாம்" என்றேன்.

ஒப்புக்கொண்டால் இன்றே வீடு, என்றார் வக்கீல்.
ஒப்புக்கொண்டான்.
ஒன்பது மாதம், பிடிபட்ட நாளிலிருந்து.
அதற்குள் பதின்மூன்று மாதம் இருந்து முடித்திருந்தான்.
மிச்ச நாலு மாதத்தை
யார் பேருக்குப் பில் போடுவது என்று
அங்கே எவரும் கேட்கவில்லை.
நானும்தான் கேட்கவில்லை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

அன்று இரவு, தொழில் பழக்கம், பெருக்கிப் பார்த்தேன்.
முந்நூற்றுத் தொண்ணூற்றாறு நாள்.
சுவர், காவல், விளக்கு, மருந்து எல்லாம் சேர்த்து
நாளைக்கு நாற்பது ஆகும் என்று ஆபீஸில் பேசிக்கொள்வார்கள்.
பதினைந்தாயிரத்து எண்ணூற்று நாற்பது,
எங்களிடம் ஐயாயிரம் இல்லாத குற்றத்துக்கு.
அதில் எங்கள் கம்பெனிக்கு
மூவாயிரத்து நானூற்று ஐந்து வெள்ளி அறுபது காசு.
மாதா மாதம் தேதி தவறாமல் வந்தது.
பில்லுக்குத் தள்ளிவைப்பு இல்லை.

கவினாவின் சப்பாத்து இரண்டு சைஸ் ஏறியது
எந்தக் கணக்கிலும் வராது.
பள்ளியில் குடும்பத்தை வரையச் சொன்னார்களாம்.
எல்லாரையும் சரியாகத்தான் வரைந்திருந்தாள்,
அப்பா காதில் மட்டும் ஒரு ஃபோன்.

வந்த அன்று
முழு மீனாகப் பொரித்து வைத்தேன்.
நான் குழம்பு ஊற்றி முடிப்பதற்குள்
பாதிச் சோறு போயிருந்தது,
யாரோ மணியடிக்கப் போவதுபோல.
பிறகு என்ன நினைத்தானோ,
மீனைப் பிட்டு
தலையை என் தட்டுக்குத் தள்ளினான்.

"சாப்பிடுக்கா.
உனக்குத் தலைதானே பிடிக்கும்."